இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?

பிரபஞ்சத்தைப் பற்றி நான் அறிந்தவற்றுள் மிகவும் விசித்திரமானது எது என்று கேட்டிருக்கிறீர்கள். கருந்துளைகளையும் நியூட்ரான் விண்மீன்களையும் பலர் சொல்லக்கூடும். என்னை நெடுங்காலமாக வியப்பில் ஆழ்த்தி வருவது, நாம் அனைவரும் தினமும் காணும் இரவின் இருட்டுதான்.

சூரியன் மறைந்துவிடுவதால் இருட்டுகிறது என்பது பாதி விடை மட்டுமே. பிரபஞ்சம் எல்லையற்றது, அது என்றென்றும் இருந்து வருவது, அதில் விண்மீன்கள் ஏறத்தாழச் சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்காட்டின் நடுவே நிற்பவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு மரத்தில் பார்வை முட்டுவதைப் போல, வானில் எந்தப் புள்ளியை நோக்கினாலும் நம் பார்வை ஒரு விண்மீனின் மேற்பரப்பில் போய் முடிந்தாக வேண்டும். தொலைவிலுள்ளவை மங்கித்தானே தெரியும் என்ற மறுப்பும் இங்கே நிற்காது. ஏனெனில் தொலைவு இரண்டு மடங்கானால் ஒரு விண்மீனிலிருந்து நமக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது, ஆனால் அந்தத் தொலைவில் உள்ள விண்மீன்களின் எண்ணிக்கையோ நான்கு மடங்காகிவிடுகிறது. இந்தக் கணக்கின்படி இரவு வானம் முழுவதும் சூரியனின் முகத்தைப் போலத் தகிக்க வேண்டும்.

இந்த முரண்பாட்டை 1610இலேயே ஜெர்மானிய வானியலர் கெப்ளர் உணர்ந்திருந்தார். பிரபஞ்சத்துக்கு எல்லை உண்டு என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினார். 1823இல் இதை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவரும் வானியலருமான ஓல்பர்ஸின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. இடையில் உள்ள பொருள் ஒளியை விழுங்கிவிடுகிறது என்று அவர் கருதினார். அது சரியன்று. ஒளியை விழுங்கும் தூசு காலப்போக்கில் சூடேறித் தானும் ஒளிரத் தொடங்கிவிடும்.

சரியான திசையில் முதலில் கை காட்டியவர்களுள் எட்கர் ஆலன் போ என்ற எழுத்தாளரும் ஒருவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மிகத் தொலைவிலிருந்து புறப்பட்ட ஒளி இன்னும் நம்மை வந்து சேரவில்லை என்று அவர் 1848இல் எழுதினார். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் விரைந்தாலும், அந்தக் காலத்துக்குள் நம்மை எட்டக்கூடிய ஒளிக்கு ஒரு வரம்பு உண்டு. விண்மீன்களும் எரிந்து தீர்பவையே. ஆகவே இரவின் இருட்டு, பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதற்கு வெறுங்கண்ணால் காணக்கூடிய சான்று.

ஆனால் இதைவிட விசித்திரமான ஒன்று இதற்குள் மறைந்திருக்கிறது: வானம் உண்மையில் இருட்டாக இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானியலர்கள் தங்கள் வானொலி ஆன்டெனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி, எச்சத்தைத் துடைத்த பிறகும் அது ஓயவில்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்ட ஒளியே அது என்பது 1965இல் தெளிவானது. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சம் முழுவதும் ஏறத்தாழ 3,000 கெல்வின் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைச் சுழியாகக் கொண்ட வெப்ப அளவு) வெப்பத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் பின் விண்வெளியே விரிந்துகொண்டு வந்ததால் அந்த ஒளியின் அலைநீளம் சுமார் 1,100 மடங்கு நீண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலையாகிவிட்டது; இன்று அதன் வெப்பநிலை 2.7 கெல்வின் மட்டுமே.

அப்படியானால் பழைய வாதம் ஒரு வகையில் மெய்யாகிவிடுகிறது. விண்மீன்களுக்கு இடையே கறுப்பாகத் தெரியும் எந்தப் புள்ளியை நீங்கள் நோக்கினாலும், உங்கள் பார்வைக்கோடு இறுதியில் ஒளிர்ந்துகொண்டிருந்த அந்த இளம் பிரபஞ்சத்தில்தான் சென்று முட்டுகிறது. வெறுமை என்று நாம் எண்ணும் விண்வெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்தப் பழைய ஒளியின் துகள்கள் சுமார் 400 இப்போதும் இருக்கின்றன.