கடையில் கிடைக்கும்போது தொலைநோக்கிக் கண்ணாடியை வீட்டில் தேய்ப்பது வீண்வேலையா?

"ஆறு அங்குலக் கண்ணாடி தயாராகவே விற்கிறது, அப்படியிருக்க வீட்டில் உட்கார்ந்து தேய்ப்பது நேர விரயம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். விரயம் இல்லை. கண்ணாடி என்று நான் சொல்வது லென்ஸை அல்ல, தொலைநோக்கிக்குள் ஒளியைத் திருப்பிக் குவிக்கும் குழியாடியை.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், மொட்டை மாடி இருக்கிறது, யாரோ காட்டிச் சனியின் வளையத்தைப் பார்த்திருக்கிறீர்கள், இணையத்தில் விலையையும் பார்த்துவிட்டு யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பணம் மிச்சம் பிடிக்கத்தான் என்றால் வேண்டாம். கண்ணாடி வட்டு, தேய்க்கக் கார்போரண்டம் தூள், மெருகேற்றச் சீரியம் ஆக்சைடு, கடைசியில் அலுமினியப் பூச்சு என்று கூட்டினால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஆயத்தமாக வரும் கண்ணாடிகள் மட்டம் என்றும் நான் சொல்லவில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம்.

நான் கோவையில் லேத் பட்டறையில் காலம் தள்ளியவன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் எங்களுக்கு அது பெருமை. தொலைநோக்கிக் கண்ணாடியோ, இருக்க வேண்டிய வளைவிலிருந்து மில்லிமீட்டரில் பதினாலாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. எங்கள் பட்டறை லேத் எதுவும் தராத இந்த நுணுக்கத்தைத் தண்ணீரும் தூளும் இரண்டு கைகளும் தருகின்றன. "கையால் வராது, கதை" என்று எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து மேலே படியுங்கள்.

நான் தேய்த்தது 6 அங்குல விட்டம், 48 அங்குலக் குவியத் தூரம் (தொலைவிலிருந்து வரும் ஒளி கண்ணாடியில் பட்டுக் குவியும் தூரம்). நடுவில் விழ வேண்டிய குழி 1.2 மில்லிமீட்டர்தான். ஒரு வட்டைக் கீழே அசையாமல் பொருத்தி, ஈரத்தோடு தூளைத் தூவி, இன்னொன்றை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அவ்வப்போது மேல்வட்டைச் சற்றுத் திருப்பி, நாமும் மேசையைச் சுற்றி ஓரடி நகர வேண்டும். மேலே உள்ளது குழியும். கீழே உள்ளது மேடாகும். எந்தப் பக்கம் தள்ளினாலும், எப்படித் திருப்பினாலும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தும் வளைவு கோளம் மட்டுமே. அதனால் யாரும் அளந்து செதுக்காமலே கண்ணாடி தானாகக் கோளத்துக்கு வந்துவிடுகிறது. சரியாகச் சொன்னால் வேண்டியது பரவளைவு என்றாலும், இந்த அளவுக் கண்ணாடிக்குக் கோளமே ஏறத்தாழப் போதும்; முதல் முயற்சிக்கு இதையே பரிந்துரைப்பதன் காரணம் அதுதான்.

80 எண் தூளை (எண் கூடக் கூடத் தூள் நைசு) போட்ட புதிதில் நறநறவென்று தெருவரை கேட்கும். தூள் நொறுங்க நொறுங்கச் சத்தம் அடங்கி, சாம்பல் நிறச் சேறு மிஞ்சும். கழுவிவிட்டுப் புதுத்தூள். ஆழம் வந்தபின் 120, 220, 320 என்று நைசாகிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் வாளி, துணி, நகக்கண் எல்லாம் சுத்தமாக வேண்டும். பழைய தூளில் ஒரு துகள் தங்கினாலும் கீறல்தான்.

மெருகேற்றுவது பிட்ச் என்னும் கரிய கீலின்மேல். சித்திரை வெயிலில் அது இளகி வழியும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் பதம் இங்கே செல்லாது, மார்கழி தைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சோதனைக்குச் சிறு விளக்கும் ஊசித்துளையும் சவர பிளேடும் போதும். பிரான்சின் லியோன் ஃபூக்கோ 1858இல் சொன்ன வழி. ஒளி திரும்பிவந்து குவியும் இடத்தில், கண்ணாடியிலிருந்து 96 அங்குலத்தில், பிளேடை மெல்ல நுழைத்தால் மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். ஒருநாள் கண்ணாடிமேல் கட்டைவிரலைச் சிறிது நேரம் வைத்து எடுத்துவிட்டு, பிளேடுக்குப் பின்னால் வந்து பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் ஒரு குன்று நின்றது. உடம்புச் சூட்டில் கண்ணாடி வீங்கியிருக்கிறது! பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல அமிழ்ந்து மறைந்தது. இவ்வளவு காலம் மைக்ரோமீட்டர் பிடித்த எனக்கு அதற்கு இணையாக வேறெதையும் சொல்லத் தெரியவில்லை. கடையில் வாங்கும் கண்ணாடியில் இந்த அனுபவம் கிடைக்காது.

விசேஷக் கண்ணாடி இல்லாமல் ஆகாது என்பார்கள். அமெரிக்காவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் கப்பலின் சாளரக் கண்ணாடியைத் தேய்த்தார். வாணியம்பாடிப் பக்கத்துக் காவலூர் வானாய்வகத்தில் 1986இல் திறந்த 2.34 மீட்டர்த் தொலைநோக்கியின் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியதும் பெங்களூரில், நம் நாட்டவர்களே.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். நான் செய்த தொலைநோக்கி ஒன்றை ஒரு பள்ளிக்குக் கொடுத்தேன். உடைந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதே பீரோவில் உறைகூடப் பிரிக்காத நுண்ணோக்கிகள் இருந்தன. உடைந்தால் தன் தலையில் விழும் என்று பயப்படும் ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொருள் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல், எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆய்வு எதற்கு? வெங்காயச் சவ்வைப் பிள்ளைகள் புத்தகப் படத்தைப் பார்த்தே வரைகிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

தொடங்குவதென்றால் ஓர் அங்குலத் தடிமனுள்ள வட்டாக வாங்குங்கள். கீழ்வட்டுக்கு இன்னொரு கண்ணாடி கிடைக்காவிட்டால், பிளாஸ்டர் வட்டின்மேல் சின்னச் சின்ன டைல்ஸ் துண்டுகளை ஒட்டிக்கொள்ளலாம். நன்றாகவே வேலை செய்யும்.