அதிர்ஷ்டம் 17 தடவை வருமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தில் முதலாண்டு மாணவி ஒருவர் ஒரே ஆட்டத்தில் 51 புள்ளி எடுத்தாராமே, அதெல்லாம் அன்றைய அதிர்ஷ்டம்தானே? (வாசகர், கரூர்)

பதில்: அதிர்ஷ்டமா? கணக்கைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 2. தரவரிசையில் 4-ஆம் இடத்தில் இருந்த ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் 67-58 என்று ஜெயித்தது. அதில் 51 புள்ளி ஜூஜூ வாட்கின்ஸ் எடுத்தவை. மற்ற எல்லோரும் சேர்ந்து 16. அந்த 51-இல் 17 ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், ஒரு புள்ளி மதிப்புள்ள தனி எறிதல்) வந்தவை, 19 வாய்ப்பில். ஃப்ரீ த்ரோ எறியும்போது யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் உதவவும் மாட்டார்கள். எதிரணி ரசிகர்கள் காது கிழியக் கத்துவார்கள். 19-க்கு 17 தடவை சொன்ன நேரத்துக்கு அதிர்ஷ்டம் வந்து நிற்கும் என்றால் அதற்கும் ஒரு சட்டை எண் கொடுத்து அணியோடு பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அது காலைப் பயிற்சிக்கு வராது. பயிற்சிக்கு வராத ஆளை எந்தப் பயிற்சியாளரும் பெஞ்சை விட்டு எழுப்ப மாட்டார்.

அதிர்ஷ்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் 2021 பிப்ரவரி 8-க்குப் போங்கள். முதலிடத்தில் இருந்த சவுத் கரோலினாவுக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், கனெக்டிகட்டின் முதலாண்டு மாணவி பேஜ் பெக்கர்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து வளையத்தில் பட்டு உயரே எழும்பி உள்ளே விழுந்தது. சரி, அது அதிர்ஷ்டம்தான். ஆனால் அணியின் கடைசி 13 புள்ளியும் அவருடையவை. அந்த ஒரு பந்தைக் கழித்தாலும் மிச்சம் 10 இருக்கிறதே! அன்று அவர் எடுத்தது மொத்தம் 31.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். வாட்கின்ஸ் அந்தப் பருவம் முழுக்க எடுத்தது 920 புள்ளி, முதலாண்டு மாணவிகளில் சாதனை. அதற்கு முன் இருந்த 898, சான் டியாகோ ஸ்டேட்டின் டினா ஹச்சின்சன் 1984-இல் எடுத்தது. நாற்பது வருஷம் நின்ற எண். அவர் ஆடியபோது மகளிர் ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது, அது தேசிய விதியானது 1987-88 பருவத்தில். எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். பந்தும் ஆண்கள் ஆடும் பெரிய பந்து. சிறிய பந்து அவர் 898 எடுத்ததற்கு அடுத்த பருவத்தில்தான் வந்தது. இதை எழுதினால் பழசையே பிடித்துத் தொங்குவதாகக் கடிதம் வரும். வரட்டும். கேன்சஸின் லினெட் வுடார்ட் 1981 வரை ஆடி எடுத்த 3,649 புள்ளி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அப்போது மகளிர் போட்டி நடத்தவில்லை என்ற ஒரே காரணத்தால், அயோவா வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் 2024-இல் அதைத் தாண்டியபோதுகூட என்சிஏஏவின் சாதனைப் புத்தகத்தில் இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை. எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இனி 920 வரும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே 898-உம் வரும், கோடு இல்லாத காலம் என்ற குறிப்போடு.