நன்னீர் மீனுக்கு எதற்கு உப்பு?

வணக்கம். வீட்டுத் தொட்டியில் கோல்ட் ஃபிஷ் வளர்க்கிறோம். கடைக்காரர் சொன்னபடி கிழமைக்கு ஒரு பிடி கல்லுப்புப் போடுகிறோம். நன்னீர் மீனுக்கு உப்பு ஏன்? இப்போது ஒரு மீன் வயிறு ஊதி, செதில் சிலிர்த்து நிற்கிறது. உப்புக் கூடிவிட்டதா?
– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

உப்புக் கூடினால் மீன் ஊதாது, வற்றும். ஆனாலும் கிழமைப் பிடியை இன்றே நிறுத்துங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். போட்ட உப்பு தொட்டியிலேயே சேர்கிறது.

கோல்ட் ஃபிஷின் இரத்தம் ஏறக்குறைய லீட்டருக்கு 8, 9 கிராம் உப்புக் கரைசலுக்கு ஒப்பானது. குழாய்த் தண்ணீரில் அதில் சிறு துளிதான் உண்டு. அதனால் செவுள் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே வருகிறது, சோடியமும் குளோரைட்டும் வெளியே கசிகின்றன. மீன் தண்ணீர் குடிப்பதே அரிது. வந்த தண்ணீரைச் சிறுநீரகம் மிக நீர்த்த சிறுநீராக ஏராளமாகக் கழிக்கிறது. இழந்த உப்பில் ஒரு பங்கு தீனியில் கிடைக்கும். மீதியைச் செவுளின் தனிக் கலங்கள் சக்தி செலவழித்துத் தண்ணீரிலிருந்தே இழுத்தெடுக்கின்றன. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஓகஸ்ட் குரோக் 1930களில் நிறுவிய அருமையான உண்மை இது.

வலையில் பட்ட பதற்றம், குளோரின் போகாத தண்ணீர், கல்சியம் குறைந்த மென்னீர், இவை மூன்றும் கசிவைக் கூட்டும். அப்போதுதான் உப்பு உதவும். உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் குறைந்து மீனின் உழைப்பும் குறைகிறது. 60×30×30 சென்ரிமீற்றர் தொட்டியில் மணலும் மேல் வெளியும் போக 45 லீட்டர் என்று வையுங்கள். லீட்டருக்கு 1 கிராம் வீதம் 45 கிராம் உப்பை எடை போட்டு, வாளியில் கரைத்து, ஒரு நாளில் மூன்று தடவையாக ஊற்றலாம். லீட்டருக்கு 3 கிராமுக்கு மேல் போக வேண்டாம். செடிகள் அதற்கு முன்பே வாடத் தொடங்கலாம்.

உங்கள் மீனின் சிலிர்த்த செதில், பெரும்பாலும் சிறுநீரகம் தண்ணீரைக் கழிக்க முடியாமல் போனதன் அடையாளம். உப்பு அதன் சுமையைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. இந்த நிலையில் தேறுபவை குறைவு. ஆனால் இப்போது மேலும் போடாதீர்கள். முதலில் ஒரு பிடி உப்பை எடை போட்டுப் பாருங்கள், போட்ட கிழமைகளால் பெருக்குங்கள், தொட்டியின் லீட்டரால் வகுங்கள். இடையில் தண்ணீர் மாற்றியிருந்தால் உள்ளது அதிலும் குறைவு. லீட்டருக்கு 3 கிராமைத் தாண்டினால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஐந்திலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரே வேண்டும். ஒரேயடியாக முழுவதையும் மாற்றினால், உப்புக்குப் பழகிய மற்ற மீன்களும் சட்டென்று தண்ணீர் ஏறித் தவிக்கும்.