இன்டிசைனில் நேரம் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

பக்க வடிவமைப்பு பற்றி வந்த கேள்விகளில், அடோபி நிறுவனத்தின் வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் புதிதாக வேலை தொடங்கியவர்கள் அனுப்பியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம். சொல்லியிருக்கும் விசைகள் விண்டோஸுக்கானவை. மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் என்று படித்துக்கொள்ளவும்.

பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் பழகிவிட்டு இப்போதுதான் இன்டிசைனுக்கு வந்திருக்கிறேன். யூனிகோடில் அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன. ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. – வாசகர், சேலம்

ஃபான்ட்டின் மேல் தவறு இல்லை. 'கொடி' என்று அடிக்கும்போது கணினியில் முதலில் க, அடுத்து ொ என்ற வரிசையில்தான் பதிவாகிறது. அந்த ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை க-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. இன்டிசைனில் எழுத்துகளை வரிகளாக அடுக்கும் பகுதிக்குக் கம்போசர் என்று பெயர். வழக்கமாக இயங்கும் 'பாரகிராஃப் கம்போசர்' ஆங்கிலம் போன்ற எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்தது. அதற்கு இந்தப் பிரிப்பு தெரியாது. தெரிந்தது 'வேர்ல்ட்-ரெடி பாரகிராஃப் கம்போசர்'.

எந்த ஃபைலும் திறந்திருக்காத நிலையில் விண்டோ மெனுவில் யுட்டிலிட்டீஸ், அதில் ஸ்கிரிப்ட்ஸ் என்று போங்கள். அப்ளிகேஷன் என்ற கட்டுக்குள் 'இண்டிக் பிரிஃபரன்சஸ்' என்ற ஸ்கிரிப்ட் இருக்கும். அதை இருமுறை சொடுக்கினால் போதும், இனி தொடங்கும் புது ஃபைல்களில் தமிழ் ஒழுங்காக வரும். ஏற்கெனவே செய்து வைத்த ஃபைலுக்கு இது பொருந்தாது. அதில் பத்தி ஸ்டைலை (ஒரு பத்தியின் எழுத்தளவு, இடைவெளி போன்றவற்றை ஒரே பெயரில் சேமித்து வைப்பது) திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசரை வேர்ல்ட்-ரெடிக்கு மாற்றுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாக மாற்றிக்கொண்டு போனால், அடுத்து ஒட்டும் மேட்டர் மறுபடி உடைந்துதான் வரும்.

பள்ளி ஆண்டு மலர், 96 பக்கம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு, எழுதியவர் பெயர், முதல் பத்தி என்று தனித்தனியாக அளவு கொடுத்து முடித்தேன். பிறகு "எழுத்து சிறிதாக இருக்கிறது, அரைப் புள்ளி கூட்டுங்கள்" என்றார்கள். மூன்று நாள் போய்விட்டது. – வாசகர், திண்டுக்கல்

பத்தி ஸ்டைல் இருந்திருந்தால் இது ஒரு நிமிட வேலை. புதிதாக வருபவர்கள் 'முதலில் பக்கத்தை முடிப்போம், ஸ்டைல் பிறகு பார்க்கலாம்' என்று நினைக்கிறார்கள். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. மலர் வேலை என்றால் முதல் பக்கத்தைத் தொடும் முன் ஸ்டைலுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

எஃப்11 தட்டினால் பாரகிராஃப் ஸ்டைல்ஸ் பலகம் திறக்கும். முதலில் 'பத்தி' என்று ஒன்று செய்யுங்கள்: எழுத்து 11 புள்ளி (பாயிண்ட்), வரி இடைவெளி 15 புள்ளி, பத்தித் தொடக்கத்தில் 5 மில்லிமீட்டர் உள்தள்ளல், கம்போசர் வேர்ல்ட்-ரெடி. தமிழில் மேலே சுழியும் கீழே காலும் நீள்வதால் 11-க்கு 13 கொடுத்தால் வரிகள் ஒன்றையொன்று உரசும். 15-க்குக் குறைக்க வேண்டாம்.

அடுத்து 'முதல் பத்தி'. இதைப் புதிதாகச் செய்யாமல், 'பேஸ்டு ஆன்' என்ற இடத்தில் 'பத்தி'யைத் தேர்ந்தெடுத்து, உள்தள்ளலை மட்டும் பூஜ்யமாக்குங்கள். படக்குறிப்பையும் இப்படியே 'பத்தி'யின் பிள்ளையாக வைத்து, அளவை மட்டும் 9-க்கு 12 ஆக்கலாம். நாளை 'பத்தி'யில் 11-ஐ 11.5 ஆக்கினால் 'முதல் பத்தி'யும் கூடவே மாறும். படக்குறிப்புக்குத் தனி அளவு கொடுத்திருப்பதால் அது மாறாது. மலர்க் குழு எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

தலைப்பு, எழுதியவர் பெயர் இரண்டுக்கும் ஸ்டைல் செய்த பின், ஒவ்வொன்றிலும் 'நெக்ஸ்ட் ஸ்டைல்' என்ற இடத்தை நிரப்புங்கள்: தலைப்புக்கு அடுத்தது பெயர், பெயருக்கு அடுத்தது முதல் பத்தி, அதற்கு அடுத்தது பத்தி, பத்திக்கு அடுத்தது அதே பத்தி. இனி ஒரு கட்டுரையை முழுதாகத் தேர்ந்தெடுத்து, 'தலைப்பு' ஸ்டைல் மேல் வலச்சொடுக்கு போட்டு, 'தலைப்பு – பிறகு நெக்ஸ்ட் ஸ்டைல்' என்று வரும் கட்டளையைத் தட்டுங்கள். நான்கும் வரிசையாகத் தாமே விழும். 40 கட்டுரைக்கு 40 சொடுக்குதான்.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். ஒன்று, தலைப்புக்கும் பெயருக்கும் நடுவில் வெற்று என்டர் இருந்தால், அந்த வெற்று வரி 'பெயர்' ஸ்டைலை வாங்கிக்கொள்ளும். உண்மையான பெயர் 'முதல் பத்தி' ஆகிவிடும். இடைவெளிக்கு என்டர் தட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ஸ்டைலில் 'ஸ்பேஸ் பிஃபோர்', 'ஸ்பேஸ் ஆஃப்டர்' இருக்கின்றன, மில்லிமீட்டரில் கொடுங்கள். இரண்டாவது, ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரியும். அந்தப் பத்தியில் யாரோ கையால் எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டைலை மாற்றினாலும் அந்த இடம் மாறாமல் அடம்பிடிக்கும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஸ்டைல் பெயரைச் சொடுக்கினால் கையால் செய்தவை போய்விடும்.

தலைப்பு ஸ்டைலில் 'கீப் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'கீப் வித் நெக்ஸ்ட்' 2 வரி என்று வையுங்கள். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்காது, அடுத்த பத்தியோடு சேர்ந்தே மறுபக்கம் போகும்.

ஸ்டைல்களுக்கு '1 தலைப்பு', '2 பெயர்' என்று எண்ணோடு பெயர் வைத்தால் இன்னொரு வசதி உண்டு. கண்ட்ரோலும் என்டரும் சேர்த்துத் தட்டினால் ஒரு சிறு தேடல் பெட்டி வரும். அதில் 1 தட்டி என்டர். விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

எழுத்தாளர்கள் வேர்டில் அனுப்பும் மேட்டரைச் சுத்தம் செய்யவே பாதி நாள் போகிறது. சிலர் யூனிகோட், சிலர் பாமினி. – வாசகர், மதுரை

பழைய தமிழ் ஃபான்ட்டான பாமினியில் அடித்த மேட்டரை இன்டிசைனுக்குள் கொண்டுவரும் முன்பே வேர்டில் யூனிகோடாக்கிவிடுங்கள். ஆனால் முழு ஃபைலையும் கன்வெர்ட்டரில் கொட்டாதீர்கள். பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகிறது. தமிழாகத் தெரிவது ஃபான்ட்டின் மேல்பூச்சு. அதனால் நடுவில் வரும் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் எல்லாவற்றையும் கன்வெர்ட்டர் பாமினி என்றே எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். வேர்டில் ஃபைண்ட் பெட்டியின் ஃபார்மட் பகுதியில் ஃபான்ட் பாமினி என்று கொடுத்து, அந்த எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ஆங்கிலம் தப்பிக்கும்.

பிறகு ஒட்ட வேண்டாம். கண்ட்ரோல் டி தட்டி, 'ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்' டிக் போட்டு ஃபைலைத் திறங்கள். வேர்டின் ஸ்டைலை நீக்கும் தேர்வை எடுத்து, அதன் கீழே 'பிரிசர்வ் லோக்கல் ஓவர்ரைட்ஸ்' டிக் போட்டால் தடித்த எழுத்து, சாய்வெழுத்து போன்றவை தங்கும், பெரும்பாலான குப்பை வராது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு பக்கத்தில் சொடுக்கினால் மேட்டர் முழுதும் தேவையான பக்கங்களைத் தானே சேர்த்துக்கொண்டு ஓடும்.

உள்ளே வந்ததும் கண்ட்ரோல் எஃப். 'குவெரி' என்ற பட்டியலில் பல என்டரை ஒன்றாக்குவதும் பல ஸ்பேஸை ஒன்றாக்குவதும் தயாராகவே இருக்கின்றன. இரண்டையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

நிறங்களின் பட்டியலான ஸ்வாட்ச்சஸ் பலகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வேர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பூஜ்யமான ஒரு கறுப்பு சில நேரம் ஒட்டிக்கொண்டு வரும். திரையில் வேறுபாடே தெரியாது. பிளேட் போடும்போது அந்தக் கறுப்பு நான்கு நிறத்திலும் பிரிந்துவிடும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இம்மி பிசகினாலும் பொடி எழுத்துக்கு வண்ண நிழல் விழும். அந்த ஸ்வாட்ச்சை நீக்குங்கள். எதை வைத்து மாற்றவேண்டும் என்று கேட்கும், 'பிளாக்' என்று சொல்லுங்கள்.

ஜஸ்டிஃபை செய்தால் (இரு ஓரமும் சீராக்கினால்) சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை. ஒவ்வொரு வரியாக ஷிஃப்ட் என்டர் போட்டுச் சரிசெய்கிறேன். – வாசகர், யாழ்ப்பாணம்

ஷிஃப்ட் என்டர் போட்ட வரியில், மேலே ஒரே ஒரு சொல் கூடினாலும் வெட்டு வரியின் நடுவுக்கு வந்துவிடும். நேற்று பார்த்துப் பார்த்துச் செய்தது புரூஃப் திருத்தத்தில் கலைந்து போகும்.

தமிழ்ச் சொல் நீளமானது. ஏ4 பக்கத்தை மூன்று காலமாக (செங்குத்து நிரலாக) பிரித்தால் ஒன்றின் அகலம் சுமார் 56 மில்லிமீட்டர். 11 புள்ளியில் பல வரிகளில் மூன்று சொல்தான் அமரும். மூன்று சொல்லுக்கு நடுவே இருப்பது இரண்டே இடைவெளி. மிச்ச இடம் முழுதும் அந்த இரண்டிலும்தான் போய் நிற்க வேண்டும். மூன்று காலம் கட்டாயம் என்றால் இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள். படிக்க அதுவே இதம். இரண்டு காலமாக்க முடிந்தால் ஓட்டை பெருமளவு குறையும்.

ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் சொல் இடைவெளியை 80, 100, 133 என்று இருப்பதுபோலவே விடுங்கள். 'லெட்டர் ஸ்பேசிங்' மூன்றும் பூஜ்யமாகவே இருக்கட்டும். அதைக் கூட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் விலகி நிற்கும். ஆங்கிலத்தில் கண்ணுக்குப் படாத அந்த விலகல் தமிழில் எழுத்தையே உடைத்துக் காட்டும். எழுத்தின் அகலத்தைச் சற்றே மாற்றும் 'கிளிஃப் ஸ்கேலிங்' 98, 100, 102 என்று கொடுக்கலாம்.

அப்படியும் மீதி நிற்கும் நீளச் சொல்லுக்கு, டைப் மெனுவில் 'இன்சர்ட் பிரேக் கேரக்டர்', அதில் 'டிஸ்கிரீஷனரி லைன் பிரேக்'. 'ஒருங்கிணைப்பாளர்களுக்கு' என்ற சொல்லில் 'ஒருங்கிணைப்' முடிந்த இடத்தில் கர்சரை வைத்து இதைப் போடுங்கள். தேவைப்பட்டால் அங்கே சொல் பிரியும், சிறுகோடு விழாது. தேவையில்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஷிஃப்ட் என்டர் தரும் தொல்லை இதில் இல்லை. அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காதபடி மட்டும் பார்த்து வெட்டுங்கள்.

பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கத்தான் வேண்டுமா? – வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். பேஜஸ் பலகத்தின் மேலே, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானவற்றை வைக்கும் 'பேரன்ட்' பக்கம் இருக்கும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மாஸ்டர்'. அதைத் திறந்து, கீழே ஒரு டெக்ஸ்ட் ஃபிரேம் வரைந்து, கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், என் நான்கும் சேர்த்துத் தட்டுங்கள். அங்கே எண் வராமல் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து தெரியும்; அதுதான் சரி. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் போட வேண்டும். முழுப்பக்கப் படம் வந்து எண்ணை மறைத்தால், எண்ணைத் தனி லேயரில் வைத்து அந்த லேயரை மேலே ஏற்றுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர் 48 பேர் படம், கீழே பெயர். ஒவ்வொன்றாகப் பெட்டி வரைந்து வைக்கிறேன். – வாசகர், திருநெல்வேலி

முதலில் படங்களுக்கு மாணவர் பெயரையே ஃபைல் பெயராக வையுங்கள். வேலை அங்கேதான். கண்ட்ரோல் டி தட்டி, ஒரு பக்கத்துக்கு 24 என்று படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுங்கள். கர்சரில் எல்லாம் ஏறியதும் மேல் இடது மூலையிலிருந்து இழுக்கத் தொடங்குங்கள். மவுஸை விடாமல் வல அம்புக்குறியை மூன்று முறை தட்டினால் நான்கு நிரல், மேல் அம்புக்குறியை ஐந்து முறை தட்டினால் ஆறு வரிசை. விட்டதும் 24 படமும் கட்டம் கட்டி உட்காரும். எல்லாம் தேர்வில் இருக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், சி. படங்கள் பெட்டியை நிரப்பிக்கொள்ளும்.

பெயருக்கு ஆப்ஜெக்ட் மெனுவில் கேப்ஷன்ஸ். 'கேப்ஷன் செட்டப்'பில் 'நேம்' என்று தேர்ந்து, நீங்கள் செய்து வைத்த படக்குறிப்பு ஸ்டைலையும் அங்கேயே கொடுத்துவிட்டு, 'ஜெனரேட் ஸ்டாட்டிக் கேப்ஷன்' தட்டுங்கள். 'லைவ் கேப்ஷன்' வேண்டாம், நீளப் பெயர் இரண்டாம் வரிக்கு மடியாமல் நெருங்கிவிடும். பெயரோடு ஜேபெக் என்ற வாலும் சேர்ந்து வரும். ஃபைண்ட்–சேஞ்சில் ஒரே தட்டில் போய்விடும். ஒவ்வொரு பெயரையும் பள்ளிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மலரைக் கையில் வாங்கும் பிள்ளை முதலில் தேடுவது தன் பெயரைத்தான்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் திரையில் பளிச்சென்று இருக்கிறது. அச்சகத்தில் வேண்டாம் என்கிறார்கள். – வாசகர், ஈரோடு

படத்தைத் தேர்ந்தெடுத்து லிங்க்ஸ் பலகத்தில் 'எஃபெக்டிவ் பிபிஐ' (வைத்த அளவில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) எவ்வளவு என்று பாருங்கள். ஆஃப்செட்டுக்கு 300 வேண்டும். 1,200 பிக்சல் அகலமுள்ள படம் 4 அங்குலம் வரை தாங்கும். அதை 8 அங்குலத்துக்கு இழுத்தால் 150 ஆகிவிடும். போட்டோஷாப்பில் எண்ணை மட்டும் ஏற்றுவதால் விவரம் கூடாது. படத்தை 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் சுருக்காது.

அச்சகத்துக்கு அனுப்பிய பிறகு "ஃபான்ட் இல்லை, படம் இல்லை, பிளீட் இல்லை" என்று ஃபைல் திரும்பி வருகிறது. – வாசகர், கோயம்புத்தூர்

படங்கள் இன்டிசைன் ஃபைலுக்குள் இருப்பதில்லை, அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. பென்டிரைவில் அந்த ஒரு ஃபைலை மட்டும் கொண்டுபோனால் லிங்க்ஸ் பலகம் முழுக்கச் சிவப்புக் கேள்விக்குறியாக இருக்கும். ஃபைல் மெனுவில் 'பேக்கேஜ்' கொடுங்கள். ஃபைல், படங்கள், ஃபான்ட்டுகள் ஒரே ஃபோல்டரில் சேரும். அச்சகத்தில் பழைய பதிப்பு இருந்தால் ஐடிஎம்எல் ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிளீட் என்பது வெட்டும் கோட்டுக்கு வெளியே படம் நீளும் பகுதி. அந்த 3 மில்லிமீட்டரைப் புது ஃபைல் தொடங்கும்போதே போட வேண்டும். கடைசியில் 'டாக்குமென்ட் செட்டப்'பில் போடலாம்தான், ஆனால் பக்க ஓரத்தோடு நின்றுவிட்ட படங்கள் தாமாக வெளியே நீளாது. ஒவ்வொன்றையும் கையால் இழுக்க வேண்டும். பிடிஎஃப் எடுக்கும்போது 'யூஸ் டாக்குமென்ட் பிளீட் செட்டிங்ஸ்' டிக் இல்லையென்றால் போட்ட பிளீட்டும் வெட்டுப்பட்டுவிடும்.

பக்கத்தின் அடியில் எந்த ஃபிரேமிலாவது சிவப்புக் கூட்டல் குறி தெரிந்தால், மேட்டர் அங்கே ஒளிந்திருக்கிறது. ஜன்னலின் கீழ்ப்பட்டியில் பிழை பார்க்கும் பிரிஃப்ளைட் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிடிஎஃப் எடுங்கள்.

இலவச மென்பொருளில் தமிழ் புத்தகம் செய்ய முடியுமா? – வாசகர், புதுச்சேரி

ஸ்கிரைபஸில் முடியும். பதிப்பு 1.6 அல்லது அதற்குப் பிந்தையதை இறக்குங்கள், 1.4-ல் தமிழ் எழுத்துகள் சேராமல் உடையும். பேரன்ட் பக்கம் அங்கே 'மாஸ்டர் பேஜ்', ஸ்டைல்களுக்கு எஃப்4, பண்புப் பலகத்துக்கு எஃப்2.