விமானப் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்த பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஆமாம், கட்டாயம். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு சிறு பாகத்தின் வலிமைக் கணக்கைத்தான் கொடுப்பார்கள். முழு அமைப்பு, சான்றளிப்பு (விமானம் பாதுகாப்பானது என்று அதிகாரிகளிடம் நிரூபித்து ஒப்புதல் பெறுவது), குழுத் தலைமை எல்லாம் அப்புறம்தான்.

இந்தத் துறையே தவறுகளிலிருந்து படித்து வளர்ந்தது. 1954-இல் காமெட் என்ற பிரிட்டிஷ் பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. காரணம் தேட, இன்னொரு காமெட்டின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது நடப்பதுபோல அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு திறப்பின் மூலையருகே உலோகம் சோர்ந்து (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டுப் பலவீனமாகி) பிளந்தது.

2011-இல் சேவைக்கு வந்த போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி கலப்புப் பொருள்கள் (கார்பன் இழை போன்றவற்றைப் பிசினோடு சேர்த்துச் செய்தவை). அலுமினியத்திலேயே ஊறியவர்களுக்கு அது புதுப் பாடம். வேலையில் இருக்கும்போதே விபத்து விசாரணை அறிக்கைகளைப் படியுங்கள். என் பார்வையில் அவற்றைவிட நல்ல பாடநூல் இல்லை.