சேர்வர் நின்றதா, கண்காணிப்பு நின்றதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அலுவலகத்தில் மூன்று சேர்வர்கள். புரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் 15 செக்கனுக்கு ஒருமுறை அவற்றைப் பார்க்கிறது. மழைக்காலத்தில் இரண்டு நாள் கரண்ட் போய் எல்லாமே நின்றிருந்தன. ஆனால் 30 நாள் அறிக்கையில் ஒரு சேர்வர் இயங்கிய நேரம் 99.85 வீதம் என்று வருகிறது. இதை எப்படி மேலதிகாரியிடம் கொடுப்பது?
– உவர்மலை வாசகர்

பதில்: கொடுக்க வேண்டாம். எல்லாமே நின்றன என்கிறீர்கள். அப்படியென்றால் கண்காணிக்கும் கணினியும் அதே யூபிஎஸ்ஸில்தான் இருக்கிறது. சேர்வர் பதில் சொன்னால் ‘அப்’ என்ற அளவீட்டில் 1, சொல்லாதபோது 0 எழுதுவது புரொமீதியஸின் வேலை. அதுவே நின்றுபோனால் 0 எழுத ஆள் இல்லை. அந்த இரண்டு நாளுக்கும் பதிவே கிடையாது. நீங்கள் பயன்படுத்தும் ‘ஏவரேஜ் ஓவர் டைம்’ சார்பு, இருக்கிற பதிவுகளை மட்டும் கூட்டி, இருக்கிற எண்ணிக்கையால் வகுக்கும். இல்லாதது அதன் கணக்கில் வராது.

எண்ணிப் பாருங்கள். 15 செக்கனுக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 4, நாளுக்கு 5,760, 30 நாளுக்கு 1,72,800 பதிவுகள். இரண்டு நாள் போனால் 11,520 குறைந்து 1,61,280 மிஞ்சும். அதில் 240 பதிவுகள், அதாவது ஒரு மணித்தியாலம், 0 ஆக இருந்தால் சராசரி 99.85 வீதம். உங்களுக்கு வந்தது இதுதான். அதே 1,61,040 ஒன்றுகளை 1,72,800 ஆல் வகுத்தால் 93.19 வீதம்.

ஆகவே ஒரே வினவலோடு நிறுத்தாமல் இரண்டு எழுதுங்கள். முதலாவது, ‘கவுண்ட் ஓவர் டைம்’ சார்பால் பதிவுகளை எண்ணி 1,72,800 ஆல் வகுப்பது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை இது சொல்லும், உங்களுக்கு 93.33 வீதம். இரண்டாவது, வழக்கமான சராசரி. அறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பார்க்காத நேரம் முழுவதையும் ‘நின்றது’ என்று எழுதுவதும் எல்லா வேளையிலும் சரியாகாது: சேர்வர் கொழும்பில் ஓடிக்கொண்டிருக்க, திருகோணமலையில் கண்காணிப்பு மட்டும் படுத்திருக்கலாம். உங்கள் விஷயத்தில் எல்லாமே நின்றது தெரிந்ததால் 93.19 தான் நேர்மையான எண். முதல் எண் 99க்குக் கீழே இறங்கினால், இரண்டாவது எண்ணை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நிரந்தரத் தீர்வு, வெளியே இன்னொரு கண் வைப்பது. வேறு ஊரில் உள்ள ஒரு சிறு வாடகைச் சேர்வரிலிருந்தும் இதே மூன்றையும் பாருங்கள். உள்ளே 1, வெளியே 0 என்றால் பழுது இணைய இணைப்பில். இரண்டிலும் 0 என்றால் சேர்வரையே பாருங்கள். கூடவே, எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஓர் எச்சரிக்கையை வெளிச்சேவை ஒன்றுக்கு அனுப்பச் செய்யுங்கள். அது வராமல் போனால் அந்தச் சேவை உங்களை அழைக்கட்டும். புரொமீதியஸ் நின்றதை அதே புரொமீதியஸால் சொல்ல முடியாது.

இன்னொன்று: பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 10 செக்கன். பைபர் இணைப்பு விழுந்து 4ஜி ரவுட்டருக்கு மாறும் நாட்களில், பதில் தாமதமானாலே 0 விழும். அதைச் சேர்வரின் தலையில் கட்டுமுன் ஒவ்வொரு முறையும் பதிலை எடுக்கப் பிடித்த நேரத்தைச் சொல்லும் ‘ஸ்க்ரேப் டியூரேஷன்’ அளவீட்டைப் பாருங்கள். அது 10ஐ ஒட்டி நின்றால் குற்றம் இணைப்பின் மந்தத்தில்.

கேள்வி: விடுதியின் முன்பதிவுப் பக்கம் திறக்கவில்லை என்று விருந்தினர்கள் சொல்கிறார்கள். கண்காணிப்பில் ‘அப்’ 1 என்றே இருக்கிறது.
– நிலாவெளி வாசகர்

பதில்: இயந்திரத்தின் நிலையைப் புரொமீதியஸுக்குச் சொல்லும் சிறு நிரலான நோட் எக்ஸ்போர்ட்டர் (போர்ட் 9100) பதில் சொன்னது என்பதற்கு மேல் அந்த 1க்குப் பொருள் இல்லை. இணையதளம் விழுந்தும் இயந்திரம் உயிரோடு இருக்கலாம். இணையப் பக்கங்களை வெளியிலிருந்து சோதிக்கும் பிளாக்பொக்ஸ் எக்ஸ்போர்ட்டரை (போர்ட் 9115) நிறுவி, முன்பதிவுப் பக்கத்தையே திறந்து பார்க்கச் செய்யுங்கள்.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். பிளாக்பொக்ஸ் வேலையிலும் ‘அப்’ என்று ஓர் அளவீடு வரும். பிளாக்பொக்ஸ் பதில் சொன்னாலே அது 1. உங்கள் பக்கம் செத்திருந்தாலும் 1. நீங்கள் சராசரி எடுக்க வேண்டியது, சோதனை வென்றதா என்று சொல்லும் ‘புரோப் சக்சஸ்’ அளவீட்டை.

அதுவும் போதாது. தரவுத்தளம் விழுந்தபோது ‘தவறு நேர்ந்தது’ என்ற பக்கத்தை, ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 என்ற குறியீட்டோடு அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. பிளாக்பொக்ஸ் அதை வெற்றி என்று எழுதும். குறிப்பிட்ட சொல் பக்கத்தில் இல்லையென்றால் தோல்வி என்று எழுத வைக்கும் அமைப்பு அதிலேயே இருக்கிறது. தரவுத்தளத்திலிருந்து வந்தால் மட்டும் தெரியும் ஒரு சொல்லை, உதாரணமாக ஓர் அறை வகையின் பெயரை, அதில் கொடுங்கள். பக்கத்தின் தலைப்பைக் கொடுத்தால் பயனில்லை. அது தவறுப் பக்கத்திலும் இருக்கும்.

கேள்வி: 90 நாள் சராசரி கேட்டால் 15 நாள் சராசரியோடு அச்சாக ஒத்துப்போகிறது.
– கிண்ணியா வாசகர்

பதில்: புரொமீதியஸ் இயல்பாக 15 நாள் தரவையே வைத்திருக்கும். 90 கேட்டாலும் இருப்பதைக் கொண்டு விடை தரும், எச்சரிக்காது. ஆரம்பிக்கும் கட்டளையில் சேமிப்புக் காலத்தை 100 நாளாக்குங்கள். ஒரு பதிவுக்கு 1 முதல் 2 பைட் பிடிக்கும். ஆயிரம் தொடர்களை (தனித்தனி அளவீடுகளை) 15 செக்கனுக்கு ஒருமுறை எடுத்தால் 30 நாளுக்குக் கூடியது 350 மெகாபைட் அளவு. வட்டு இடத்துக்காகப் பயப்பட ஒன்றுமில்லை. அழிந்த பழைய நாட்கள் மட்டும் திரும்ப வராது.

கேள்வி: அலுவலக நேரமான காலை 8.30 முதல் மாலை 4.30 வரைக்கு மட்டும் கணக்கெடுக்க முடியுமா? நான் முயன்றால் விடை வெறுமையாக வருகிறது.
– மூதூர் வாசகர்

பதில்: முடியும். புரொமீதியஸின் ‘ஹவர்’ சார்பு யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பேசும். நமது இலங்கை நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். எனவே 8.30 என்பது அங்கே 3, மாலை 4.30 என்பது 11. அரை மணிச் சிக்கல் தானாகவே தீர்கிறது: ‘ஹவர்’ 3 அல்லது கூட, 11க்குக் குறைவு என்று எழுதினால் போதும். கிழமையைச் சொல்லும் சார்பில் திங்கள் முதல் வெள்ளி வரை 1 முதல் 5, ஞாயிறு 0.

விடை வெறுமையாக வரக் காரணம், ‘ஹவர்’ தரும் விடையில் லேபல்கள் (எந்தச் சேர்வர், எந்த வேலை என்று சொல்லும் அடையாளங்கள்) இல்லாதது. ‘அப்’ அளவீட்டிலோ லேபல்கள் உண்டு. வெறும் ‘அண்ட்’ போட்டால் இரண்டும் பொருந்தாது. ‘அண்ட் ஒன்’ (and on) என்று எழுதி, அதன் அடைப்புக்குறிக்குள் எதுவும் போடாமல் விடுங்கள். முழுவதையும் 1 நிமிடப் படியோடு உள்வினவலாக்கி (ஒரு வினவலுக்குள் இன்னொரு வினவலாக வைத்து) சராசரி எடுங்கள். வேலை நாளுக்கு 480 பதிவுகள் வர வேண்டும். அதையும் எண்ணிப் பாருங்கள்.

வார நாளில் வரும் போயா தினத்தை (பௌர்ணமி விடுமுறையை) புரொமீதியஸ் அறியாது. விடுமுறையன்று 1, மற்ற நாளில் 0 என்று ஒரு சிறு கோப்பில் எழுதி, நோட் எக்ஸ்போர்ட்டரின், கோப்பிலுள்ள எண்ணைப் படிக்கும் டெக்ஸ்ட்ஃபைல் பகுதி வழியாக உள்ளே கொடுத்து, 0 ஆன நாட்களை மட்டும் அதே ‘அண்ட் ஒன்’ முறையில் சேருங்கள். கோப்பை மாற்றும் கிரொன் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) நமது நேரப்படி நள்ளிரவில் ஓட வேண்டும். சேர்வரின் கடிகாரம் யூடிசியில் இருந்தால் அது முந்தைய நாள் 18.30.