சால்னாவுக்கு ரீடேக்

கேள்வி: பள்ளிக்கூடத்திலிருந்து கூட வரும் நண்பன், ரீல்ஸ் போட ஆரம்பித்த பிறகு என்னை வீடியோ எடுக்க மட்டும்தான் கூப்பிடுகிறான். போன வாரம் கேரளா பார்டரில் புரோட்டா சாப்பிடப் போனோம். சால்னா ஊற்றுவதைத் திரும்பத் திரும்ப எடுக்கவைத்ததில் கடைசியில் வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் வீடியோவில் 'இவன் என் உயிர் நண்பன்' என்கிறான். இது நிஜ நட்பா, நடிப்பா?
- ஒரு வாசகர், புளியரை

பதில்: முதலில் அந்தக் கேரளா பார்டரைப் பேசி முடித்துவிடுவோம். நீங்கள் போனது பிரானூர்தானே? குடியிருப்பது நிஜ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற புளியரையில், கேரளாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செங்கோட்டையைத் தாண்டித் தென்காசிப் பக்கம் வந்துவிட்டு, அதைப் போய்க் கேரளா பார்டர் என்கிறீர்களே! செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் எல்லை பிரானூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை நம்மோடு சேர்ந்ததும் எல்லை மலையேறிக் கோட்டைவாசலுக்குப் போய்விட்டது. பிரானூரில் மிச்சம் இருப்பது 'பார்டர்' என்ற பெயரும் புரோட்டாவும்தான். இதை இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு குற்றால சீசனுக்கும் எவனாவது ஒருவன் கடை வாசலில் நின்று, 'கைஸ், ஒரு கால் தமிழ்நாடு, ஒரு கால் கேரளா' என்கிறான். இரண்டு காலும் தென்காசி மாவட்டத்தில்தான் நிற்கின்றன.

இதைப் படித்ததும் கேரளாப் பக்கத்துப் புனலூர் வாசகர் ஒருவர், புரோட்டாவே எங்களுடையது என்று வழக்கம்போலக் கடிதம் போடுவார். ஐயா, புரோட்டாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சால்னாவை விட்டுத்தர முடியாது.

சரி, உங்கள் நண்பர். அவரை ஒரேயடியாகப் போலி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாலு பேர் தன்னைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை ரீல்ஸோடு வந்ததா என்ன? கோயில் கொடையில் மைக் கிடைத்தால் கீழே வைக்காத ஆட்கள் நம் ஊரில் எப்போதும் உண்டு. ஆனால் அவர்களுக்கு, கூட்டத்திலிருந்து 'போதும், எறங்குலே' என்று சத்தம் போட ஒரு கூட்டாளி இருந்தான். உங்கள் நண்பருக்கு அப்படி ஆள் இல்லை. அது நீங்களாக இருந்திருக்க வேண்டும், நீங்களோ செல்போனைப் பிடித்துக்கொண்டு 'சூப்பர் மாப்ள, லைட் நல்லா விழுது, இன்னொரு தடவை ஊத்து' என்றிருப்பீர்கள். இலையில் பிய்த்துப் போட்ட புரோட்டா கண்ணெதிரே ஊறிக் கூழாவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவர், அவன் நடிக்கிறானா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே ராத்திரியில் கடை காலி. அவர்கள் இன்ஸ்டாகிராமில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியபோது முதல் லைக் போட்டது யாராக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பழைய டிக்டாக்குக்குக் கேமரா பிடித்த அதே பாவப்பட்ட ஜீவன்தான்.

அடுத்த தடவை கூப்பிட்டால் கை சுளுக்கு என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள். அவர் சூட்டோடு புரோட்டாவில் கை வைக்கிறாரா, இல்லை கடைப் பையனிடம் செல்போனை நீட்டுகிறாரா என்று பாருங்கள், நான் சொல்ல வேண்டியிருக்காது. அப்புறம், பில் யார் கொடுக்கிறார் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. கேமராவும் பிடித்துவிட்டு பில்லும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அடுத்த கேள்வியை வேறு பத்திரிகைக்கு அனுப்புங்கள்.